கையில் வாங்கிய வேர்

"தலைவர் பதவி மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. வேற எது கேட்டாலும் செய்யுங்க," என்றாள் கம்லா, டீத்தட்டைக் கணவரிடம் கொடுத்தபடி.

"நான் எங்கே கேட்டேன்? அவங்களா வந்து உக்காந்திருக்காங்க," என்றார் கன்னையா.

"டிசம்பர்ல நம்ம லீஸ் முடியுது. லீஸ் முடிஞ்சதும் பக்கத்துல சுமன் வீட்டுத் தகரத்தைப் பிரிச்சு லாரியில ஏத்தினதை நீங்களும்தானே பார்த்தீங்க?"

கன்னையா டீத்தட்டோடு முன்னறைக்குப் போனார். ஃபிஜித் தீவின் ட்ராசாவில் அவருடைய கரும்பு வயல், வீடு, மாட்டுக் கொட்டகை எல்லாமே குத்தகை நிலத்தில் இருந்தன. நிலம் பக்கத்து ஃபிஜியக் கிராமத்துக் குலத்துக்குச் சொந்தம். குலத்தலைவரோ, இப்போது நடந்த பொதுத் தேர்தலில் ஜெயித்தவர்கள் பக்கம். போன வருடம் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்களைப் பற்றிக்கூட அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

முன்னறையில் நடந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரே இருந்த, தோற்ற கட்சியின் கிளைக் கூட்டம். வந்திருந்தவர்கள் பள்ளி ஆசிரியை வினீதாவும், சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அப்பலசாமியும்தான். கிளைத் தலைவராக இருந்த ராஜேந்திரா, சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் போய்விட்டார்.

"நம்ம பெரிய கிளையே இப்ப ஆக்லாந்துலதான் இருக்கு. அங்கே எலெக்ஷன் வெச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்," என்றார் அப்பலசாமி.

"சிரிச்சது போதும் அண்ணே. கட்சியை மறுபடி எப்படிக் கட்டறதுன்னு பேசுங்க," என்றாள் வினீதா.

"அதான் மேலிடத்துலேர்ந்து சுற்றறிக்கை வந்திருக்கே. மக்களிடம் செல்லுங்கள். எந்த மக்கள்னுதான் எழுதல."

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் வினீதா. "நாம நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் ஓட்டுக் கேட்டோம். அவங்க நமாகா ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பிளேன் ஏறிக்கிட்டே இருக்காங்க. ஆலையில கிராமத்துப் பசங்களுக்கும் உங்களுக்கும் ஒரே சம்பளம்தானே? ஒரு நாளாவது அவங்ககிட்ட போனோமா?"

"போன வருஷம் ரோட்டுல கட்டை போட்டு மறிச்சவங்ககிட்டயா? நீ போ டீச்சர். நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்."

"நான் போனா கேக்க மாட்டாங்க. கன்னையா அண்ணன் போனா கேப்பாங்க. அவரோட கரும்பு வெட்டற கேங்குல பாதிப் பேர் அவங்கதான். அண்ணே, நீங்கதான் தலைவரா இருக்கணும். மாட்டேன்னு சொல்லாதீங்க."

கன்னையா தொண்டையைச் செருமினார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

அதற்குள், பின்னாலேயே வந்து ஜன்னலோரம் நின்றிருந்த கம்லா சட்டென்று திரும்பினாள்.

"சைலோசி வரான். கையில வேர்க்கட்டு இருக்கு."

சைலோசி, குலத்தலைவரின் தம்பி மகன்.

அப்பலசாமி சுவரிலிருந்த கட்சிக் கொடியை உருவி, மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வினீதா குரலை உயர்த்தினாள்: "அப்போ, தீமிதியை எந்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்?"

"புலா," என்று வணக்கம் சொல்லி, செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தான் சைலோசி. எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில் கேட்டான்: "கோயில் கூட்டமா?"

"ஆமாமா. தீமிதி விஷயம்," என்றாள் வினீதா.

"தீமிதி இப்பத்தானே முடிஞ்சது. நானும் வந்து பார்த்தேனே."

"அது இந்த வருஷத்துது. நாங்க அடுத்த வருஷத்துக்குப் பேசறோம்," என்றார் அப்பலசாமி, இடத்தைவிட்டு அசையாமல்.

சைலோசி சிரிக்கவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கைகளைக் குவித்துத் தட்டினான். சடங்குப் பானம் தயாரிக்கும் யங்கோனா வேர்க்கட்டை ஏந்திக்கொண்டு, தலைகுனிந்து, ஃபிஜிய மொழியில் முறைப்படி பேசத் தொடங்கினான்.

வேர் கொண்டுவருகிறவர் எதையோ கேட்க வருகிறார். அவர் பேசி முடித்தபின் அதைக் கையில் வாங்கினால், கேட்டதற்குச் சம்மதம் என்று அர்த்தம். கன்னையாவுக்கும் தெரிந்த முறைதான். ஆனால் குலத்தலைவர் வீட்டுப் பிள்ளை தன் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போதே இரண்டு கைகளையும் நீட்டி வேரை வாங்கிவிட்டார்.

சைலோசி பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தான்.

"என்னன்னு கேக்காமலே வாங்கிட்டீங்களே," என்று தமிழில் முணுமுணுத்தாள் கம்லா. "காலி பண்ணச் சொல்ல வந்திருந்தா?"

கையிலிருந்த வேர்க்கட்டைக் கன்னையா குனிந்து பார்த்தார். இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. அது வேரைக் கொண்டுவந்தவரை மட்டுமல்ல, அவருடைய குலத்தையே அவமதிப்பதாகும்.

"என்ன விஷயமா வந்தே, சைலோசி?"

"வாங்கிட்டீங்க இல்ல, கன்னையா பாய். இனிமே மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லல. எப்ப காலி பண்ணணும்னு மட்டும் சொல்லு. கரும்பு இன்னும் பாதி நிக்குது."

"காலியா?" சைலோசிக்குப் புரியவில்லை. "ஆலையில வேலை செய்யற எங்க பசங்க எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். உங்க கட்சியில சேரப் போறோம். ஆனா கிளைக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும். கேங்குல உங்க ஆளுங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கூலி கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

வினீதா வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னையா வேரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்லாதான் முதலில் பேசினாள். "இதுக்கு உங்க பெரியப்பாவே சம்மதிச்சுட்டாரா, சைலோசி?"

சைலோசி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அவருக்குத் தெரியாது, அண்ணி. லீஸ் பேசப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றான் தணிந்த குரலில். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க."