வராமல் போன கை

சமயபுரம் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் உருவங்கள் அடித்து விற்கிறேன். கண், கால், கை என்று எந்த உறுப்பு குணமானதோ, அதை வாங்கி மாரியம்மன் உண்டியலில் போடுவார்கள். இப்போதோ, வருகிறவர்களில் பாதிப் பேர், முன்கூட்டியே மருந்து சாப்பிட்டு வராமலே போன நோய்க்கு நன்றி சொல்ல வருகிறார்கள். எனக்கு எரிச்சல்தான்.

அன்று வந்த வேதவல்லி தையல் வேலை செய்கிறவள். கூடவே அவள் அம்மாவும் வந்திருந்தார். முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிவிடும் என்று ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தே டாக்டர்கள் அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். வலி தெரிவதற்கு முன்பே மருந்தும் கொடுத்தார்களாம். வருடங்கள் கழித்தும் விரல்கள் நேராகவே இருந்தன.

கை உருவம் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"இது நேரா இருக்குண்ணே."

"கைன்னா பின்ன எப்படிம்மா இருக்கும்?"

"நேரான கைதான் எங்கிட்டயே இருக்கே. ஆத்தா எனக்கு வராம தடுத்தா பாருங்க, அந்தக் கை வேணும்."

"வராத கைய யாரு பாத்தா? பாக்காதத எப்படி அடிக்கிறது?" என்று சிடுசிடுத்தேன்.

வேதவல்லியின் அம்மா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். முட்டிகள் புடைத்து, விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் காலத்தில் அந்தச் சோதனை இல்லை.

"இதப் பாத்து அடிங்க தம்பி," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "எம்மகளுக்கு வராமப் போன கை இதுதான்."