பலகைப் பிடி

"மண்ணுல நாலு கட்டை கெடைச்சா அது கல்லறையா? அப்ப எங்க வீட்டு வெறகு அடுக்குற எடமும் கல்லறைதான், சார்!" என்று சிரித்தார் கலியமூர்த்தி.

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது அந்த மேடு. தன் பழைய உப்புக் களத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனதால், மேட்டை வெட்டிச் சமன் செய்து, உப்புக் குவிக்க அவர் அனுமதி கேட்டிருந்தார். அளக்க வந்த சர்வேயர் தட்சணாமூர்த்தியின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் தாசில்தார் முடிவு சொல்வார்.

உப்பு வாரும் கூலி வேலைக்குப் போகாமல், மண்வெட்டியோடு மேட்டின் மேல் நின்றாள் சவரியம்மாள்.

"அடிமை ஆளுங்களப் பொதைச்ச எடம் சார் இது. அளத்த வித்தா ஆளையும் சேத்து வித்த காலம். செத்தா கல்லு நடக்கூடாதுன்னு மொதலாளிங்க உத்தரவு. அதனால அவங்கவங்க உப்பு வார்ன பலகையோட பிடியக் கழட்டி, தலமாட்டுல அடிச்சி வச்சாங்க."

"யார் பாத்தது?" சர்வேயர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க மாமியா வழியா சொல்லி வந்தது."

"சொல்லி வந்ததை எழுத முடியாதும்மா. பழைய வேலிக் கட்டைன்னு அவர் சொல்றாரு. இல்லைன்னு நீ காட்டு."

சவரியம்மாள் மேட்டின் ஓரத்துக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் கலியமூர்த்தி அடித்த வேலியிலிருந்து ஒரு கட்டையைப் பிடுங்கினாள். அடிப்பாகம் மாவாக உதிர்ந்தது. உள்ளே கரையான்.

"மேட்டு மண்ணுல இருக்கிற உப்ப மழை கழுவிடும் சார். அதான் கரையான் குடியிருக்குது. ஆனா பலகைப் பிடி ஒரு ஆளு ஆயுசு முழுக்க உப்புத்தண்ணியில ஊறினது. கரையான் வாய் வைக்காது." ஏற்கெனவே மண்ணிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு பிடியைக் கத்தியால் ஆழச் சீவி நீட்டினாள். "நாக்குல வச்சிப் பாருங்க."

சர்வேயர் வைத்துப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"என்ன சார், காலையில டிபனுக்கு உப்பு பத்தலையா?" என்றார் கலியமூர்த்தி.

"ஒரு கட்டையில ஒண்ணும் ஆகாது. இன்னும் தோண்டும்மா."

தோண்டினாள். ஒவ்வொரு பிடி வெளிப்படும்போதும் சர்வேயர் டேப்பின் ஒரு முனையைக் கலியமூர்த்தியிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் மூன்றடி. வரிசைக்கு வரிசை ஏழடி.

"வேலின்னா ஒத்தை வரிசையில போவும் சார். இது ஆளு படுக்குற அளவு. இங்க பாருங்க, பிடியில குழி விழுந்திருக்குது. கட்டைவிரல் அழுத்தி அழுத்தித் தேஞ்ச எடம்."

"எல்லாத்துலயும் இருக்கா? ரெண்டுல இருந்துட்டு மிச்சத்துல இல்லன்னா?" என்றார் சர்வேயர்.

"இருக்குது. எடுத்துக் காட்றேன்."

வெயில் உச்சிக்கு வந்தபோது இருபத்து மூன்று பிடிகள் தெரிந்தன. சவரியம்மாள் மண்வெட்டியைக் கீழே எறிந்தாள்.

"இன்னுமா நம்பிக்கை வரல? உங்க ஊட்டு ஆளுங்களா இருந்தா இப்படிக் கேப்பீங்களா? எந்த ஊரு சார் நீங்க?"

"ஊரு எதுக்கும்மா? கேக்கறது என் வேலை." அவர் எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தார். "நேரில் தோண்டி அளந்ததில், இது பழைய இடுகாடு." நோட்டைக் கலியமூர்த்தி பக்கம் திருப்பினார். "ஒவ்வொண்ணையும் நீங்கதான டேப் புடிச்சி அளந்தீங்க? கையெழுத்துப் போடுங்க."

"அளவு சரிதான். ஆனா விடமாட்டேன் சார், கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமா போங்க. இந்த ரிப்போர்ட்டும் கூடவே வரும்."

கலியமூர்த்தி கிறுக்கிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் ஓயும்வரை சர்வேயர் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் மேற்குக் கோடிக்கு நடந்து, மண்டியிட்டு, வெறுங்கையால் மண்ணைப் பறித்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல சார். எங்களுக்குத் தெரிஞ்சி வரிசை இதோட முடிஞ்சிது."

முழங்கை ஆழத்தில் ஒரு பிடி தட்டுப்பட்டது. அதன் குழியில் அவருடைய கட்டைவிரல் பதிந்து, அப்படியே நின்றது.

"இங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படி சார்..."

"முன்னாடியே வாயத் தொறந்திருந்தா, சொந்தக்காரன் எழுதின ரிப்போர்ட்டுன்னு கிழிச்சிப் போட்டிருப்பாங்கம்மா" என்றார் தட்சணாமூர்த்தி. "இந்த அளத்துலேருந்து தப்பிச்சி ஓடின அன்னைக்கு, எங்க தாத்தா தன்னோட அப்பாவ இந்த மேக்குக் கோடியிலதான் பொதைச்சிட்டுப் போனாராம்."