ஜெயரூபனின் பியர்

கண்ணாடிக் குவளையை ஜெயரூபன் விளக்குக்கு நேரே பிடித்தான்.

"நிறத்தைப் பாருங்கோவன்."

நண்பர்கள் மூவரும் பார்த்தார்கள். வெளிர்ப் பொன். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை நுரை.

இறைச்சிப் பொரியல் தட்டோடு அவள் வாசலில் நின்றாள்.

தவராசா முகர்ந்தார். ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தோடம்பழத் தோல் மாதிரி மணக்குது. ஜெயரூபன், உண்மையா இது நீ காய்ச்சினதோ?"

அவள் தன் கணவனைப் பார்த்தாள்.

"பின்ன ஆர்?" என்றான் அவன்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கொஞ்சம் ஓசையாகவே வைத்தாள்.

யாரும் திரும்பவில்லை.

கனடாவில், ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அவள் தனியாக நின்றிருந்தாள். முளைவிட்டுக் காய்ந்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்தாள். வடித்தாள். கொதிக்கவைத்தாள்.

முதல் தடவை புளித்துப்போனது. அடுத்த தடவை போத்தல்கள் வெடித்தன. சுவரைத் துடைத்ததும் அவள்தான்.

அப்போது அவன் படிக்கட்டில் நின்று சிரித்தான். கள்ளச்சாராயம் காய்ச்சும் கசிப்புக்காரி என்றான். ஆட்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், வெளியே மூச்சு விடாதே என்றான்.

அவள் மூச்சு விடவில்லை. காய்ச்சுவதையும் விடவில்லை.

இந்தத் தடவை, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவைப் பிரித்து வைத்துக்கொண்டாள். கொதி தொடங்கும்போது கொஞ்சம், கசப்புக்கு. இறக்கும்போது கொஞ்சம். மீதியை, பியர் நுரைத்து அடங்கிய பிறகு, குளிர்ந்த பாத்திரத்தில்.

தவராசாவின் மூக்கில் இருந்தது அந்த மீதிதான்.

"தங்கச்சிக்கு ஒரு வாய் குடுக்கேல்லையோ?" என்று அவர் கேட்டார்.

"அவவுக்கு இந்தக் கசப்பெல்லாம் விளங்காது" என்றான் ஜெயரூபன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது.

ஒரு குவளையை எடுத்தாள். நிரப்பினாள். நின்றபடியே பாதியைக் குடித்தாள்.

கசப்பு அடிநாக்கில், அவள் நிறுத்த நினைத்த இடத்திலேயே நின்றது.

"வாற சனிக்கிழமை எங்களுக்கும் காய்ச்சிக் காட்டு" என்றார் தவராசா. "நாங்களும் பழகுவம்."

"அதுக்கென்ன, வாங்கோ."

அவளைப் பார்க்காமலே சொன்னான்.

அவர்களின் கார் தெருமுனை திரும்பும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"என்ர பேரைச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"இதெல்லாம் ஒரு விஷயமே? ஒரே வீடு. ஆர் செய்தால் என்ன?"

வெறுங்குவளைகளை அவள் பக்கம் தள்ளினான்.

"சனிக்கிழமை நீர் பக்கத்தில நிண்டு சாடை காட்டினால் போதும்."

அந்தச் சொல் மட்டும் வாரம் முழுக்க அவள் காதில் கிடந்தது.

சாடை.

சனிக்கிழமை காலை பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். பார்லி, ஹொப்ஸ், ஈஸ்ட், எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள்.

நண்பர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, அவள் தன்னுடையதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீர்?" ஜெயரூபனின் குரல் உடைந்து வந்தது.

"கடைக்கு."

கடை வாசலில் காரை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

மதியம் தாண்டியதும் போன் அடித்தது. அடிக்க விட்டாள்.

திரும்பவும் அடித்தது. எடுத்தாள்.

அவன் கிசுகிசுத்தான். அவனுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான் என்று விளங்கியது.

"கொதிச்சுப் பொங்குது. ஹொப்ஸை எப்ப போடுறது? கெதியாச் சொல்லுமப்பா. அவையள் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"வெளிய அவையளிட்டப் போங்கோ" என்றாள். "போனை ஸ்பீக்கரில போடுங்கோ. சொல்லுறன்."

கதவு திறக்கும் ஓசை வரவில்லை; மறுமுனையில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

அவள் காத்திருந்தாள்.