பத்திலிருந்து இரண்டு வரை

கம்ப்யூட்டருக்குள் காய்ந்துபோயிருந்த பேஸ்டைச் சுரண்டினாள். பத்து வருஷத்துப் பழசு. அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி, லேசில் விடுவதாயில்லை.

பஞ்சு, ஸ்பிரிட், பொறுமை. கடைசியில் பிராசஸரின் முதுகு பளிச்சென்று தெரிந்தது.

கொக்கியைத் தூக்கி அதை வெளியே எடுத்தாள். நூற்று முப்பது வாட் தின்கிற ராட்சசன். ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரோடு வந்தவன். இவனை நம்பித்தான் நாலு வருஷமாக மாடுலர் கிச்சன்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிறாள்.

புதியவன் அறுபது வாட்டோடு திருப்திப்படுவான். புதியவன் என்ன, அவனும் பழைய சாமான் கடையில் வாங்கியவன்தான். வேகம் குறைவு. இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தீட்டி முடிக்கிற படம் இனி முப்பத்தைந்து நிமிஷம் இழுக்கும்.

இழுக்கட்டும்.

மூலையில் இருக்கும் குட்டி முக்கோணத்தைப் பார்த்துப் புதியவனைப் பொருத்தினாள். மிளகளவு பேஸ்ட் வைத்தாள். திருகுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

மணி ஒன்பதரை. பத்துக்குக் கரண்ட் போய்விடும்.

தெருவில் கேபிள் பதிக்கிறார்கள். நாலு மாதமாகத் தினமும் பத்திலிருந்து இரண்டு வரை கரண்ட் கிடையாது. வீட்டில் இருப்பது ஒரே இன்வெர்ட்டர். இந்த அறையில் அவள் கம்ப்யூட்டருக்கும், அடுத்த அறையில் கணவர் நாச்சிமுத்துவின் ஆக்சிஜன் மெஷினுக்கும் அதுதான் சோறு போட வேண்டும்.

முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர் அவர். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய் இருந்தே தீர வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இருந்தும் இந்த நாலு மாதமாக உடம்பில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. நுரையீரல் மேலும் கெட்டுவிட்டது, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நுரையீரலைச் சரிசெய்ய அவளால் முடியாது. வாட்டைக் குறைக்க முடியும்.

கேபிள் வேலை தொடங்கிய முதல் வாரம் இன்வெர்ட்டர் பன்னிரண்டரைக்கே படுத்துவிட்டது. அன்றைக்குக் கொடுத்தாக வேண்டிய படம் பாதியில் போனது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினாள். அதிலிருந்து இரண்டு மணி வரை தாக்குப்பிடித்தது. எல்லாம் தண்ணீரின் மகிமை என்று எதிர்வீட்டாருக்கெல்லாம் யோசனை சொன்னாள்.

ஆனால் ஒருநாள் கரண்ட் வர நாலு மணி ஆகிவிட்டால்? அவர் மூச்சுக்கு என்ன வழி? அந்தப் பயம்தான் இப்போது திருப்புளியைப் பிடித்திருந்தது.

பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே நின்றது.

பிறகு, போனால் போகிறதென்று, வெளிச்சம் வந்தது.

பத்துக்குக் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டரைக் கிச்சன் படம் தீட்ட விட்டாள்.

சத்தமே இல்லை.

பழையவன் வேலை செய்தால் பெட்டிக்குள் விசிறி மிக்ஸி மாதிரி அலறும். இப்போது ஓடுகிறதா என்று பெட்டியின்மேல் கைவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

தெருவில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக் குக்கர் கேட்டது. அடுத்த அறையில் அவர் இருமுவது கேட்டது.

அதற்குமேல் அந்த அறையிலிருந்து எதுவும் கேட்கவில்லை.

புஸ், புஸ் என்று மூச்சுவிடுமே அந்த மெஷின். அது கேட்கவில்லை.

நாற்காலியை நகர்த்தாமல் எழுந்தாள். வெறுங்காலோடு போனாள்.

மூக்கில் குழாய் ஒழுங்காக இருந்தது. மெஷினில் விளக்கு எரியவில்லை. அவர் கை சுவிட்சுக்குச் சாண் தூரத்தில் தயாராக இருந்தது. அவள் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டதும் சுவிட்சைப் போடுவதற்காகக் காத்திருந்த கை.

கண்ணைத் திறந்தவர் திருட்டு முழி முழித்தார்.

“அன்னைக்குப் படம் போயிருச்சுன்னு அப்படி உட்கார்ந்திருந்தியே அம்மிணி,” என்றார். “நாலு மணி நேரந்தானே. நான் சமாளிச்சுக்கறேன்.”

இவ்வளவைச் சொல்வதற்குள் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அவள் சுவிட்சைப் போட்டாள். தன் அறைக்குப் போய், பாதிப் படத்தில் இருந்த கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தாள்.

மெஷினின் பின்பக்கம் சர்வீஸ்காரர் ஒட்டிய சீட்டு இருந்தது. சர்வீஸ் செய்த தேதி, அதுவரை மெஷின் ஓடிய மணி நேரம். குனிந்து மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

சர்வீஸ் ஆகி அறுபது நாள். தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் ஓடியிருக்க வேண்டும்.

எழுநூற்றுச் சொச்சம்தான் ஓடியிருந்தது.

கோபம் வந்தது. கன்னத்தில் நாலு வைக்கலாம் போலக் கோபம். மனிதர் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், இவள் பேட்டரித் தண்ணீரை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்னொரு தரம் மீட்டரைப் பார்த்தாள்.

டாக்டருக்கு இது தெரியாது.

மேசையிலிருந்த ஆக்சிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினாள்.

எண்பத்தைந்து.

“திட்டோணும்னா திட்டிரு அம்மிணி.”

“பேசாதீங்க,” என்றாள்.

மெஷின் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

எண்பத்தாறு.

வெகுநேரம் அதே இடத்தில் நின்றது.

எண்பத்தெட்டு.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அந்த விரலை இறுக்கிப் பிடித்தாள்.

எண்பத்தொன்பது.