மூணு தபா செத்த மாமியா

“உன் மாமியா இன்னும் எத்தினி தபாம்மா சாவும்?”

கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு சூப்பர்வைசர் ஆதிகேசவன் கேக்கறான். சுகிர்தா கழுத்துல தொங்கற வேலை டோக்கன கையால மூடிக்கினா.

அவன் கையில லீவு நோட்டு. பிப்ரவரில மாமியா சாவு. ஏப்ரல்ல மாமியா சாவு. ஜூன்லயும் மாமியாதான். காண்ட்ராக்ட்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு சூப்பர்வைசர மாத்துவாங்க. வந்தவன் எவனும் பழைய பக்கத்த பாக்கல. இவன் உக்காந்து பொரட்டிட்டான்.

“நாளைக்கு சாவு சர்டிபிகேட்டோட வா. இல்லாட்டி டோக்கன குடுத்துட்டு போய்க்கினே இரு.”

அந்த கேட்டாண்டதான் என் நாஷ்டா கடை. கும்மிடிப்பூண்டில நான் இட்லி ஊத்த ஆரம்பிச்சப்ப இந்த ரோட்டுல லாரியே கெடையாது, மாடுதான் படுத்துங்கெடக்கும். அது கெடக்கட்டும்.

எனக்கும் கோவந்தான். சின்னப்பொண்ணு, அதான் அவ மாமியா, குத்துக்கல்லாட்டம் இருக்கறா. மாமியாளுக்கும் மருமவளுக்கும் ஆவாது, ஒரே ஊட்டுல ரெண்டு அடுப்பு. என் மருமவ கல்பனாவும் என்ன பத்தி, ‘இது எப்பதான் போய்ச் சேருமோ’ன்னு போன்ல பேசினத இந்த காதால கேட்டவ நான்.

“ஏம்மே, உசுரோட இருக்கற கெழவிய சாவடிக்கிறியே, நாக்கு கூசல?”ன்னு சுகிர்தாவ கேட்டேன்.

“எம்பொண்ணு ஏஞ்சலினுக்கு லூப்பஸ் ஆயா. அவ ஒடம்பே அவ கிட்னிய கடிக்குதாம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மெட்ராஸ்ல ஊசி.”

“அத சொல்லி லீவு கேளேன்.”

“ஆஸ்பத்திரின்னா வேலைலேர்ந்தே நின்னுக்கோன்றாங்க. சாவுன்னாதான் டோக்கன புடுங்க மாட்டாங்க. டோக்கன் போயிருமேன்னு பயந்து போன வருசம் ரெண்டு ஊசி உட்டுட்டேன். புள்ளைக்கு மூஞ்சி காலெல்லாம் வீங்கிச்சு. இன்னொண்ணு உட்டா மிசின்ல போட்டுதான் ரத்தத்த சுத்தம் பண்ணணுமாம். ‘உங்களுக்கெல்லாம் அக்கறையே இல்லியா’ன்னு டாக்டரம்மா திட்டிச்சு.”

பொன்னேரில சுப்பிரமணி பொண்ணு மோனிகாவுக்கும் இதே நோவுதான். நெலம் நீச்சு இருக்கற ஊடு. இட்லி அரிசி அங்கதான் வாங்குவேன், பஞ்சாட்டம் வரும். அப்பங்காரன் கார்ல இட்டுனு போவான், ஒரு ஊசி உட்டதில்ல. இப்ப காலேஜுக்கு போவுது. ஒரே நோவு, ஒரே மருந்து.

மறுநாள் காலைல ஷேர் ஆட்டோலேர்ந்து சுகிர்தா எறங்குனா. கூட கெழவி சின்னப்பொண்ணு. பின்னால ஏஞ்சலின், மாத்திரையில உப்பின கன்னமும் தலைய மூடின துப்பட்டாவுமா. வெயிலு ஆவாதாம் அந்த நோவுக்கு.

“யாரும்மா நீ?”ன்னான் ஆதிகேசவன்.

“சர்டிபிகேட்டு கேட்டியாமே நைனா. நானே வந்துக்கிறேன்.”

லைன்ல நின்ன பொண்ணுங்க சிரிச்சிட்டாங்க. அவனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

“உன் மருமவ உன்ன மூணு தபா சாவடிச்சிக்கிறா. தெரியுமா உனுக்கு?”

“தெரியாம? சொல்லிக் குடுத்ததே நான்தான். இவ மாட்டேன்னு அழுதா, கர்த்தர் கேப்பாருன்னா. என்னாண்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்னு தொரத்தி உட்டேன்.”

“இன்னா தெனாவட்டு உனுக்கு. பொய் சொன்னா வேலய உட்டு தூக்கிருவேன்.”

“தூக்கு. ஆனா அந்த நோட்டுல எழுதிட்டு தூக்கு. புள்ள பொழைக்க லீவு கெடையாது, கெழவி செத்தாதான் உண்டுன்னு எழுதி, கீழ கையெழுத்து போடு.”

லைன்ல இப்ப ஒருத்தியும் சிரிக்கல. உள்ளயும் போவல. ஷிப்டு மணி அடிச்சு ஓஞ்சிருச்சு.

ஆதிகேசவன் மெதுவா நோட்ட மூடப் பாத்தான்.

சின்னப்பொண்ணு அது மேல கைய வெச்சா.

“மூடாத நைனா. ஆகஸ்ட் பன்னெண்டாந்தேதி அடுத்த ஊசி. அன்னிக்கும் நான் சாவுறேன். இப்பவே எழுதிக்க.”