சின்னண்ணன் படகுக்கு ஏ.சி.

"ஏப்பா சுப்பையா, ஏ.சி. ஓடுதா, இல்ல சும்மா உறுமுதா?"

"ஓடுதுங்கண்ணா. நீங்க கத்தற கத்துல குளிர் பயந்துக்கிட்டு வெளிய போயிருதுங்க" என்றான் எலக்ட்ரீஷியன் சுப்பையன்.

பாய்மரப் படகின் அறைக்குள் இருவரும் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். சின்னண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே கப்பல் ஆசை. மெட்ராஸ் ஏலத்தில் இந்தப் படகைப் பார்த்ததும் புத்தி பேதலித்துவிட்டது. சேலத்து லாட்ஜ் ஒன்று கழித்துப்போட்ட ஏ.சி.யையும் வாங்கி மாட்டினார். எண்பத்து மூன்றாம் வருடப் பங்குனி வெயில். அறை இட்லிக் குண்டானாகக் கொதித்தது.

அவர் மனைவி சௌந்திரம் கெடு வைத்திருந்தாள். "ஊட்டியாக்கிக் காட்டறேன்னீங்கல்ல? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள காட்டுங்க. இல்லீன்னா படகு வெறகுக்குத்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. விறகுக்கடைக்காரர் கோடாலியோடு வெளியே வந்து உட்கார்ந்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்.

"ஏதாச்சும் பண்ணு சுப்பையா." சின்னண்ணன் கெஞ்சினார்.

சுப்பையன் சைக்கிள் டியூபை வெட்டிக் கதவிடுக்கில் ஒட்டினான். ஜன்னல் கண்ணாடிக்கு சிகரெட் பெட்டி ஈயத்தாள். சுவரெல்லாம் தெர்மாகோல். குண்டு பல்பும் சூடு என்று அதையும் கழற்றினான்.

"இன்னும் வேர்க்குதேப்பா!"

"மேல வெயில் நேரா அடிக்குதுங்க. பாயை எறக்கிப் பந்தலாட்டம் விரிச்சுட்டா..."

"பாயை எறக்கினா இது படகா? பொணப்பொட்டி!"

"கோடாலிக்காரர் மூணாவது டீ கேக்கறாருங்க."

சின்னண்ணன் மேலே ஏறிப்போய்ப் பாயை அவரே அவிழ்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அரைமணியில் அறை குளிர்ந்தது. நிஜமாகவே குளிர்ந்தது. சின்னண்ணன் துண்டைப் போர்த்திக்கொண்டு கூவினார். "சௌந்திரம்! வந்து பாரு புள்ள, ஊட்டி!"

சௌந்திரம் கதவை அகலத் திறந்து வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை. சேர்த்து வைத்த குளிர் மொத்தமும் அவளைத் தாண்டி வெளியே போனது.

"சாத்து, சாத்து! போச்சு, எல்லாம் போச்சு." சின்னண்ணன் போர்த்திய துண்டாலேயே நெற்றியைத் துடைத்தார். "வெட்டச் சொல்லு, போ."

"அவரை அப்பவே அனுப்பிட்டனுங்க." சௌந்திரம் கையை நீட்டினாள். உள்ளங்கை நிறைய மஞ்சள் கிழங்கு. "நாமகிரிப்பேட்டையில, களத்துக்கு நடுவுல படகைக் கொண்டாந்து நிறுத்தி, வேவிச்ச மஞ்சளைக் காயப்போட எடமில்லாமப் பண்ணிப்போட்டீங்கன்னுதான் வெட்டச் சொன்னேன். இப்பப் பாருங்க, உங்க ஏ.சி.க்குப் பின்னால கொட்டி வெச்ச மஞ்சள்தான் மொதல்ல காஞ்சிருக்குது. ஏப்பா சுப்பையா, உள்ள குளிரலைன்னாப் போவுது, அந்தப் பின்பக்கத்து அனலை இன்னங்கொஞ்சம் ஏத்த முடியுமா?"