சண்டைக்கு முன் கண்ணாடி

"உன் கண் சொட்டு மருந்தைச் சட்டையோட சேர்த்து வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன்மா..." என்று அசடு வழிந்தார் கணவர்.

மனைவி, இனிக் கண்ணாடியே தேவையில்லாதபடி கண்ணுக்கு லேசர் சிகிச்சை முடிந்து நேற்றுதான் வீடு திரும்பியிருந்தாள். கோபம் வந்தால், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறவன் மாதிரி, முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள்.

இன்றும் பழக்கத்தில் கை காதருகே போனது. கண்ணாடிதான் இல்லையே!

"உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்ன, திட்டலையா?"

"எங்க திட்டறது? நீங்க திருதிருன்னு முழிக்கிறது தெளிவாத் தெரிஞ்சா எனக்குத் திட்டவே வராது. அதுக்குத்தானே இத்தனை வருஷமா கண்ணாடியைக் கழட்டி வெச்சேன்!"